உப்புக் காத்துல சைக்கிள்: வீட்டிலேயே செய்ய ஒரு ரிப்பேர் பாடம்

கடப்பாக்கத்தில் எந்தத் தெருவில் நடந்தாலும் ஏதாவது ஒரு வீட்டுப் பின்பக்கம் சைக்கிள் ஒண்ணு சாய்ந்து நிற்பதைப் பார்க்கலாம். பிளஸ் ஒன் படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிள். டயரில் காத்து இல்லை, செயின் முழுக்கத் துரு, கேரியரில் ஈரத்துணி காயுது. கேட்டால், "ரெண்டு வருஷம்கூட ஓடலைப்பா, அதுக்குள்ள போச்சு, தரம் சரியில்ல" என்பார்கள். தரத்தைப் பற்றி ஆளாளுக்கு ஒரு கருத்து இருக்கட்டும். நம்ம பக்கத்தில் சைக்கிள் ஓடி ஓடிக் கெடுவது குறைவு. நின்னு நின்னுதான் கெடுது. ஏன் அப்படி, செத்த மாதிரி நிற்கிற சைக்கிளை வீட்டிலேயே எப்படி எழுப்புவது, எந்த இடத்தில் நம்ம கையை எடுத்துட்டுக் கடைக்குப் போகணும் என்பதுதான் இந்தப் பாடம்.

இலவச சைக்கிள் திட்டம் 2001-02 கல்வியாண்டில் பட்டியல் இன, பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கியது. பிறகு அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளிகளில் பிளஸ் ஒன் படிக்கும் எல்லாருக்கும் என்று விரிந்தது. அதற்கும் முன்னால், 1990-களின் தொடக்கத்தில், புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்து சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. ஓட்டுவதற்கு இவ்வளவு செய்த மாநிலத்தில் ரிப்பேருக்கும் ஒரு நாள் வகுப்பு வைத்திருக்கலாம் என்பது என் கருத்து. ஏன்னா அந்த சைக்கிள் நின்னா, ஈ.சி.ஆர். பஸ் ஸ்டாப் வரை நடை. இல்லைன்னா யாராவது கொண்டுவந்து விடணும். டியூஷன் போற தங்கச்சிக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அதுவும் கஷ்டம்.

இப்போ கெமிஸ்ட்ரி. பயப்படாதீங்க, முதல் வருஷம் படிச்ச அதே கரோஷன்தான்.

இரும்பு துருப்பிடிக்க ஆக்சிஜனும் தண்ணியும் வேணும். ஆக்சிஜன் எல்லா ஊரிலும் ஒண்ணுதான். தண்ணியில்தான் நம்ம ஊருக்கு விசேஷம். இடைக்கழிநாடு என்ற பெயரே கழிகளுக்கு இடையில் உள்ள நாடு என்றுதான் சொல்லுது. ஒரு பக்கம் வங்கக் கடல், இன்னொரு பக்கம் கழி. அலை உடையும்போது பறக்கும் நுண்துளிகள் காத்தோடு வந்து சைக்கிள் மேல் உட்காரும். தண்ணி காய்ந்துபோகும், உப்பு தங்கிவிடும். அது சும்மா இருக்காது. ஐப்பசி மாசம் அடுக்களையில் கல் உப்பு ஜாடி தண்ணி விடுவதைப் பார்த்திருப்பீங்க. சுத்தமான சோடியம் குளோரைடு காத்தில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீர் விடும். ஆனால் கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கு. அது சுமார் 33 சதவீத ஈரப்பதத்திலேயே தண்ணியை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடலோரத்தில் ஈரப்பதம் அந்த அளவுக்குக் கீழே இறங்குவது அபூர்வம். அதாவது, மழையே பெய்யாத சித்திரை மாசத்திலும் உங்க சைக்கிள் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு உப்புத்தண்ணிப் படலம் இருக்கு. அது மின்சாரம் கடத்தும். துருவுக்கு இதைவிட நல்ல எலக்ட்ரோலைட் கிடைக்காது.

காரைக்குடியில் 1953 முதல் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், அதாவது சிக்ரி, மண்டபம் கடற்கரையில் உலோகத் துண்டுகளைத் திறந்தவெளியில் வைத்து இந்த அரிப்பைத்தான் அளந்து பார்த்தது. நம்ம தெருவில் அந்த வேலையைப் பின்பக்கத்து சைக்கிள்கள் செய்யுது.

ஓடுற சைக்கிளில் செயின் சுத்தும்போது எண்ணெய் பரவும், உரசும் இடத்தில் படலம் ஒட்டாது, வாரம் ஒரு தடவையாவது யாராவது துடைப்பார்கள். நிற்கிற சைக்கிளில் இது எதுவும் இல்லை. இன்னொரு விஷயம்: இரும்பு துருவாக மாறும்போது அதன் கன அளவு இரண்டு மடங்குக்கு மேல் பெருகும். நட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவில் இருக்கிற மயிரிழை இடைவெளியில் துரு பெருகினால் அது ஆப்பு அடித்த மாதிரி இறுகிவிடும். "நட்டு பிடிச்சுக்கிச்சு" என்று சொல்வது இதைத்தான்.

அதனால் முதல் நாள் எதையும் கழற்றாதீங்க. பழைய சைக்கிளில் பாதி சேதம் முதல் அரை மணி நேர ஆர்வத்தில்தான் நடக்குது. மண்ணெண்ணெயும் புது என்ஜின் ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து வையுங்க. மண்ணெண்ணெய் கிடைக்கலைன்னா டீசல் போதும். பெட்ரோல் வேண்டாம்; அதன் ஆவி தீப்பிடிக்கும். சக்கர நட்டு, சீட் பில்லர் நுழையும் இடம், பெடல் மரை, பிரேக் கம்பி மூட்டு, பிரீவீல் நடுவில் தெரியும் இடுக்கு, எல்லாத்திலும் ரெண்டு ரெண்டு சொட்டு விட்டு ராத்திரி முழுக்க விட்டுடுங்க. காலையில் இன்னொரு சுற்று. சாயங்காலம் ஸ்பேனரைத் தொட்டால் போதும். சரியான அளவு ஸ்பேனர், பிளையர் கிடையாது. பிளையர் நட்டின் மூலையை வழித்துவிட்டால் அப்புறம் கடைக்காரருக்கும் வேலை இரட்டிப்பு. முதலில் இறுக்கும் பக்கம் லேசா ஒரு அசைவு, பிறகு கழற்றும் பக்கம். அந்தச் சின்ன அசைவில் துருப் பிடிப்பு உடையும்.

ரொம்ப அடம்பிடிப்பது சீட் பில்லர். வளர்ற பசங்களுக்கு வருஷா வருஷம் சீட்டு ஏத்தணும், ஆனால் முதல் நாள் வைத்த உயரத்திலேயே அது உள்ளே துருப்பிடித்து நிற்கும். உயரம் பத்தாத சீட்டில் மிதித்தால் முட்டி வலி வரும், பையன் ரெண்டு மாசத்தில் சைக்கிளை ஓரங்கட்டிடுவான். சுத்தியலால் கீழிருந்து அடிக்காதீங்க. சீட் கிளாம்பைத் தளர்த்தி, எண்ணெய் விட்டு, ரெண்டு மூணு நாள் விடுங்க. பிறகு ஒருத்தர் ஃபிரேமைக் கெட்டியாகப் பிடிக்க, இன்னொருத்தர் சீட்டை இடம் வலமாகத் திருப்பணும். மேலே இழுக்கக் கூடாது. திருப்பித் திருப்பித்தான் மேலே வரவைக்கணும். வந்ததும் பில்லரையும் குழாயின் உள்பக்கத்தையும் உப்புத்தாளால் தேய்த்து, கிரீஸ் தடவி, திரும்ப வையுங்க. கியர் சைக்கிள் வைத்திருப்பவர்கள் இதைக் கூடுதலா கவனிக்கணும். அதில் பில்லர் பெரும்பாலும் அலுமினியம், ஃபிரேம் இரும்பு. இரண்டு வேறு உலோகம், நடுவில் உப்புத்தண்ணி: பாடப்புத்தகத்தில் வரைந்த கால்வானிக் செல் அப்படியே சீட்டுக்குக் கீழே இருக்கு. ஒரு விரல் கிரீஸ் அந்த செல்லை நிறுத்திவிடும்.

அடுத்து காத்து. ரொம்ப நாள் நின்ன சைக்கிளில் காத்து நிற்கலைன்னா உடனே பஞ்சர் என்று முடிவு கட்டாதீங்க. பழைய மாடல் வால்வில் உள்ளே ஒரு சின்ன ரப்பர் குழாய் இருக்கும், வால்டியூப். அது காய்ந்து வெடித்திருந்தாலே காத்து போகும். வால்வ் வாயில் எச்சில் தொட்டு வைத்துப் பாருங்க, குமிழி வந்தால் அதுதான். ஒரு டீ விலைகூட இல்லாத சாமான். புதுசு போடும்போது அது வால்வின் பக்கவாட்டு ஓட்டையைத் தாண்டி முழுக்க மூடணும். நிஜமாகவே பஞ்சர்னா, டியூபில் ஓட்டை எங்கே இருக்கு என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். வெளிப்பக்கம் ஒரே ஓட்டை: முள். நம்ம பக்கம் வேலிக்கருவேல முள்தான் முக்கால்வாசி. பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு ஓட்டை, பாம்பு கடித்த மாதிரி: காத்து குறைவா வைத்துப் பள்ளத்தில் இறக்கியிருக்கீங்க. ரிம் பக்கம் ஓட்டை: ஸ்போக்ஸ் நுனி குத்துது, அல்லது ரிம் டேப் நகர்ந்திருக்கு. முள்ளை டயரிலிருந்து எடுக்காமல் ஒட்டினால் மறுநாள் அதே கதை. விரலால் தேடாதீங்க, பஞ்சை உள்ளே சுற்றி இழுங்க. முள் இருக்கும் இடத்தில் பஞ்சு மாட்டும். சொல்யூஷன் தடவினதும் அவசரப்பட்டு ஒட்டாமல், தொட்டால் கையில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு அப்புறம் பேட்ச் வையுங்க. வீட்டில் ஒட்டினது பிரிந்து வருவதற்குப் பெரும்பாலும் இந்த அவசரம்தான் காரணம்.

செயினுக்கு வருவோம். அதைக் கழற்ற, பூட்டு லிங்க் எங்கே இருக்குன்னு தேடுங்க; மீன் மாதிரி ஒரு கிளிப் இருக்கும். திரும்ப மாட்டும்போது கிளிப்பின் மூடின பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்கணும். பிளவு முன்னால் இருந்தால் எதிலாவது தட்டி, ஓடும்போதே கழன்றுவிடும். செயினைப் பழைய டப்பாவில் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, டூத் பிரஷால் தேய்த்து, நிழலில் காயவைத்து, ஒவ்வொரு ரோலருக்கும் ஒரு சொட்டு என்ஜின் ஆயில். ராத்திரி விட்டு, காலையில் வெளிப்பக்கம் முழுசா துடைத்துவிடுங்க. எண்ணெய் உள்ளேதான் இருக்கணும். வெளியே வழிய வழிய விட்டால், ஆலம்பரைக் கோட்டைப் பக்கம் ஒரு தடவை போய்வந்தாலே கடல் மணல் அதில் ஒட்டி, செயின் தன்னைத்தானே உப்புத்தாள் போட ஆரம்பிக்கும். தேங்காய் எண்ணெய் விடுவது நம்ம வீட்டு வழக்கம். வேறு எதுவும் இல்லாத நாளைக்குச் சரி. நாள்பட்டால் பிசுபிசுப்பாகித் தூசியைப் பிடிக்கும், மார்கழிக் காலையில் உறைந்தும் போகும். ஒர்க்‌ஷாப்பில் வடித்த கறுப்பு ஆயில் அதைவிட மோசம். அதில் உலோகத் தூளும் அமிலமும் இருக்கு.

செயின் இன்னும் உயிரோடு இருக்கா என்று பார்க்க ஒரு ஸ்டீல் டேப் போதும். லிங்க் ஒவ்வொன்றும் அரை அங்குலம். ஒரு பின்னின் நடுவில் டேப்பின் பூஜ்யம் வைத்தால், அங்கிருந்து 24-வது பின்னின் நடு சரியா 12 அங்குலத்தில் நிற்கணும். ஒன்றரை மி.மீ. தள்ளிப்போயிருந்தால் மாத்தத் தயாராகுங்க. 3 மி.மீ. என்றால் செயின் முடிஞ்சுது, பிரீவீல் பல்லும் கூர்ந்து போயிருக்கும். இரும்புத் தகடு நீண்டுவிடவில்லை. உள்ளே பின்னும் புஷ்ஷும் தேய்ந்து, ஒவ்வொரு மூட்டிலும் சேர்ந்த இடைவெளிதான் அந்த 3 மி.மீ. மாட்டின பிறகு நடுவில் விரலால் தூக்கிப் பார்த்தால் அரை அங்குலம் ஆடணும். பெடலை மெதுவா ஒரு சுற்று சுத்தி, ரொம்ப டைட்டாகும் இடத்தில் வைத்து இதைப் பாருங்க. செயின் வீல் எப்பவுமே கொஞ்சம் கோணலாத்தான் சுத்தும்.

மிதிக்கும்போது ஒரு சுற்றுக்கு ஒரு தடவை "டக்" என்று காலில் உணர்ந்தால், அது பெரும்பாலும் காட்டர் பின். கிராங்கை அச்சோடு பிடித்து வைக்கும் ஆப்பு அது. இதைத் தள்ளிப்போடாதீங்க, ஒரு வாரம் அப்படியே ஓட்டினால் கிராங்கின் துளை நீள்வட்டமாகி, சின்ன பின்னோடு முடிய வேண்டிய செலவு கிராங்க் செட் வரைக்கும் போகும். கழற்றும்போது நட்டை முழுசா எடுக்காமல், பின்னின் நுனி வரை தளர்த்தி வைத்து அடிங்க, மரை நசுங்காது. கிராங்குக்குக் கீழே தரையோடு ஒரு கட்டையோ இரும்புக் குழாயோ முட்டுக் கொடுங்க. முட்டு இல்லாமல் அடித்தால் அந்த அடி முழுக்க உள்ளே இருக்கும் பால்ஸ் மேல் விழுந்து கப்பில் பள்ளம் விழும். புது பின் அடித்து உட்கார்ந்த பிறகுதான் நட்டு. நட்டைத் திருகி பின்னை இழுக்கப் பார்த்தால் மரை கழன்றுவிடும். ரெண்டு பக்கத்துப் பின்னும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் நிற்கணும், இல்லைன்னா பெடல்கள் நேர்கோட்டில் வராது. ரெண்டு நாள் ஓட்டிவிட்டு இன்னொரு தட்டு, நட்டுக்கு இன்னொரு இறுக்கு.

பெடல் கழற்றுவதில் எல்லாரும் ஒரு தடவை முழிப்பாங்க. இடது பெடலுக்கு மரை தலைகீழ். மனப்பாடம் பண்ண வேண்டாம்: ஸ்பேனரை மேல்நோக்கி வைத்து, முன் சக்கரம் பக்கம் தள்ளினால் இறுகும், பின் சக்கரம் பக்கம் இழுத்தால் கழலும். ரெண்டு பக்கத்துக்கும் இதே விதி. ஏன் தலைகீழ்? ஒரு பேனாவை இடது கை முஷ்டிக்குள் லூசாகப் பிடித்து, அதன் நுனியை வலது கையால் வட்டமா நகர்த்துங்க. பேனா தன்னைச் சுற்றி எதிர்த்திசையில் உருள்வது தெரியும். பெடல் அச்சும் கிராங்க் துளைக்குள் இப்படித்தான் ஒவ்வொரு மிதிக்கும் கொஞ்சம் உருளும். மரையை அந்தத் திசை பார்த்து வெட்டியதால்தான் இடது பெடல் ஓட ஓடக் கழலாமல் இருக்கு. ஹாஸ்டலில் செய்து காட்டினால் மெக்கானிக்கல் பசங்களே ரெண்டு நிமிஷம் யோசிக்கிறாங்க.

ஹப் திறப்பதாக இருந்தால் கீழே ஒரு தட்டு வையுங்க, பால்ஸை எண்ணி வையுங்க. நம்ம சாதா சைக்கிளில் பொதுவா முன் சக்கரத்தில் பக்கத்துக்குப் பத்து, பின் சக்கரத்தில் பக்கத்துக்கு ஒன்பது, பின்னது பெரிசு. பழசையும் புதுசையும் கலக்காதீங்க, எல்லாத்தையும் சேர்த்து மாத்துங்க. கோனில் குழி விழுந்திருந்தால் எவ்வளவு கிரீஸ் வைத்தாலும் பயனில்லை.

ரிம் கோட்டம் எடுப்பதைப் பெரிய வித்தை மாதிரி சொல்வாங்க. சின்னக் கோட்டம் வீட்டிலேயே எடுக்கலாம். சைக்கிளைக் கவிழ்த்து, சக்கரத்தைச் சுத்தவிட்டு, ஃபோர்க் மேல் ஒரு சாக்பீஸை அசையாமல் பிடிங்க. ரிம் எங்கே உரசுதோ அங்கே கோடு விழும். கோடு வலப்பக்கம் என்றால், அந்த இடத்தில் இடப்பக்க ஸ்போக்ஸைக் கால் சுற்று இறுக்கி, வலப்பக்கத்ததைக் கால் சுற்று தளர்த்தணும். கால் சுற்றுதான், அதற்கு மேல் போகாதீங்க. திரும்பச் சுத்திப் பார்த்து இன்னொரு கால். இங்கேயும் முந்தின ராத்திரியே நிப்பிளுக்கு எண்ணெய் விடாமல் கீ போட்டால், துருப்பிடித்த ஸ்போக்ஸ் முறுக்கிக்கொண்டு உடையும்.

துருப்பிடித்த குரோம் ரிம்முக்கு உப்புத்தாள் போடவே கூடாது. பார்சல் கட்டி வரும் அலுமினிய ஃபாயிலைக் கசக்கி, தண்ணியில் நனைத்து, தேய்த்துப் பாருங்க. அலுமினியம் குரோமைவிட மென்மை, அதனால் பளபளப்புக் கீறாமல் துரு மட்டும் கருப்புக் குழம்பாகக் கழன்று வரும். குரோம் பூச்சு துத்தநாகம் மாதிரி தன்னைக் கொடுத்து இரும்பைக் காப்பாற்றாது. ஊசிமுனை ஓட்டை விழுந்தால் அடியில் இருக்கும் இரும்புதான் கரையும். அதனால் தேய்த்து முடித்ததும் துடைத்து, ஃபிரேம் பக்கம் எண்ணெய்த்துணி ஒரு இழுப்பு. ஆனால் ரிம்மில் பிரேக் கட்டை உரசும் இடத்தில் எண்ணெய் படவே கூடாது.

பிரேக் என்றதும் நம்ம பக்கத்துப் பிரச்சினை சாதாரணமானது இல்லை. கிராமத்து ரோட்டிலிருந்து நேரா ஈ.சி.ஆருக்கு ஏறுகிறோம். அந்த ரோடு அகலமாக அகலமாக வண்டிகளின் வேகமும் கூடுது. இரும்பு ரிம் மழையில் நனைந்தால் ரப்பர் கட்டை வழுக்கும், காய்ந்த ரோட்டைவிடப் பல மடங்கு தூரம் தள்ளித்தான் சைக்கிள் நிற்கும். மழை நாளில் சந்திப்புக்கு முன்னாலேயே பிரேக்கை லேசாகப் பிடித்துப் பிடித்து விட்டு, ரிம்மிலிருக்கும் தண்ணியை வழித்துவிடணும். நிறையப் பேர் முன் பிரேக்கைக் கழற்றியே போட்டிருக்காங்க, கவிழ்த்துவிடும் என்ற பயத்தில். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் போகும், பின் சக்கரத்தில் பிடிப்பு குறையும். நிறுத்தும் வேலையில் பெரும் பங்கு முன் சக்கரத்துக்குத்தான். சோதிக்க: முன் பிரேக்கை மட்டும் இறுக்கிப் பிடித்து சைக்கிளை முன்னால் தள்ளுங்க. முன் சக்கரம் உருளக் கூடாது. உருண்டால் கட்டை பளபளன்னு இறுகிப்போயிருக்கும். மேல் தோலை உப்புத்தாளில் தேய்த்து எடுங்க, இல்லைன்னா மாத்துங்க. கம்பி பிரேக்கில் மூட்டுக்கு மூட்டு எண்ணெய். ஒயர் பிரேக்கில் உள் ஒயரை உருவி, கிரீஸ் தடவித் திரும்ப நுழைக்கணும். ஒயரில் ஒரு இழை அறுந்திருந்தாலும் புதுசு போடுங்க. அதே நிலையில், பிரேக்கைப் பிடித்தபடி முன்னும் பின்னும் ஆட்டினால் ஹேண்டில்பார் அடியில் "டொக் டொக்" சத்தம் வருதா? கப் லூஸ், மேல் நட்டைத் தளர்த்திக் கப்பைக் கொஞ்சம் இறுக்கணும்.

எல்லாம் முடிந்த பிறகு வாரம் ஒரு தடவை செய்ய வேண்டியது ஒரு வாளி நல்ல தண்ணி. உப்பு தண்ணியில் கரையும், துணியில் போகாது. அதனால் கழுவித்தான் ஆகணும், சும்மா துடைத்தால் உப்பைத் தேய்த்துப் பரப்புவதுதான் மிச்சம். உங்க வீட்டு போர் தண்ணியே கரிப்பா இருந்தால் அதில் கழுவாதீங்க, குழாய்த் தண்ணியோ மழைத் தண்ணியோ பிடித்து வையுங்க. ஹப், கிராங்க் பக்கம் வேகமாகப் பீய்ச்ச வேண்டாம், கிரீஸ் போய்விடும். கழுவி, துடைத்து, வெயிலில் பத்து நிமிஷம், செயினுக்கு எண்ணெய். கொட்டகையில் கடல் பக்கம் திறப்பு இருந்தால் சைக்கிளை எதிர்ப்பக்கம் வையுங்க. சைக்கிள் மேல் ஈரத்துணி காயப்போடுவதை இன்னைக்கே நிறுத்தச் சொல்லுங்க. அம்மாகிட்ட யார் சொல்றது என்பது உங்க பாடு.

கடைக்குத்தான் போகணும் என்ற இடம் ஒன்று இருக்கு: ஃபிரேமும் ஃபோர்க்கும். துரு வெளியே தெரிவதைவிட குழாய்க்கு உள்ளேதான் ஆழமாகப் போயிருக்கும். பெயின்ட் கொப்புளம் போட்டிருக்கும் இடங்களில், முக்கியமா கிராங்க் அச்சு சேரும் மூட்டிலும், ஃபோர்க்கின் தோள்பட்டையிலும், ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிக் கேளுங்க. நல்ல குழாய் கணீரென்று சொல்லும். அரித்துப்போனது மந்தமா, தகரம் மாதிரிக் கேட்கும். பெயின்ட்டில் மயிரிழை விரிசல் இருந்தாலும் அதே கணக்குதான். முன் ஃபோர்க் ஓட்டும்போது ஒடிந்தால் முகம்தான் முதலில் ரோட்டில் படும், அதைப் பிடித்து நிறுத்த எந்தப் பிரேக்கும் இல்லை. மேலே பெயின்ட் அடித்து மறைக்காதீங்க, தெரிந்தவர் வெல்டிங் வைத்துத் தருவார் என்று ஓட்டிக்கொண்டும் போகாதீங்க. இறங்கித் தள்ளிக்கொண்டே சைக்கிள் கடைக்குப் போய், சக்கரத்தைக் கழற்றி அந்த அண்ணன் கையால் ஒரு தடவை தட்டிப் பார்க்கச் சொல்லுங்க.